தோண்டாமலே ஆழமான பள்ளத்தாக்கு

நண்பர்களே, ஒரு பள்ளத்தைக் கண்டால் அதைத் தோண்டியது எது என்றுதான் முதலில் கேட்கிறோம். ஆறா, காற்றா, பனியாறா? செவ்வாயின் வடதுருவத்தைப் பார்த்தும் அறிவியலாளர்கள் பல காலம் இதையே கேட்டார்கள்.

1971இல் செவ்வாயை அடைந்த மாரினர் 9 விண்கலம், துருவங்களில் வரிவரியாக அடுக்குகள் இருப்பதைப் படம்பிடித்தது. வடக்கே இருப்பது ஏறத்தாழ 1,000 கி.மீ. அகலமும் 2 கி.மீ. தடிமனும் கொண்ட நீர்ப்பனி மேடு. அதில் தூசு சொற்பம்; ஆனால் அடுக்குகளை நம் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது அந்தச் சொற்பத் தூசுதான்.

அடுக்குகள் ஏன் வந்தன? பூமியின் அச்சு அதிகம் தள்ளாடாமல் நிலா பார்த்துக்கொள்கிறது. செவ்வாயின் இரண்டு நிலாக்களோ வெறும் பொடிகள்; அவற்றால் அது முடியாது. செவ்வாய் அச்சின் சாய்வு இன்று 25 பாகை. கடந்த சில பத்து இலட்சம் ஆண்டுகளில் 15க்கும் 35க்கும் இடையே ஊசலாடியிருக்கிறது. சாய்வு கூடினால் துருவக் கோடை கடுமையாகிப் பனி ஆவியாகிறது. குறைந்தால் திரும்ப வந்து படிகிறது.

இந்த மேட்டைப் பிளந்துகொண்டு கிடக்கிறது காஸ்மா பொரியாலே என்ற பள்ளத்தாக்கு. நீளம் 500 கி.மீ.க்குக் குறையாது, ஆழம் 2 கி.மீ. வரை. பனிக்கு அடியில் உருகிய நீர் பெருவெள்ளமாக உடைத்துக்கொண்டு பாய்ந்தது என்றார்கள் சிலர். காற்று அறுத்தது என்றார்கள் வேறு சிலர். செவ்வாயைச் சுற்றும் விண்கலத்திலிருந்து பனியை ஊடுருவிப் பார்க்கும் ஷராட் ராடார் வந்த பிறகு, 2010இல், ஆய்வாளர் ஜாக் ஹோல்ட் குழுவினர் வேறொரு விடையைச் சொன்னார்கள். பழைய பனி அரிக்கப்பட்டபோது அங்கே ஒரு தாழ்வு முன்பே இருந்தது. புதிய பனி சுற்றிலும் உயர்ந்தது. அந்தத் தாழ்வில் மட்டும் சரியாகச் சேரவில்லை. கரைகள் வளர வளரப் பள்ளம் ஆழமாயிற்று. இதே போன்ற இன்னொரு பள்ளம் நிரம்பிப் புதைந்து, ராடாருக்கு மட்டும் தெரிகிறது! வெள்ளக் கதையில் இருந்த பரபரப்பு இதில் இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

துருவத்தைச் சுற்றிச் சுருளாக ஓடும் பள்ளங்களோ நகர்பவை. மேட்டிலிருந்து இறங்கும் குளிர்காற்று, வெயில் படும் சுவரில் பனியை இழக்கச் செய்து, எதிர்ச் சரிவில் அதைப் படியவிடுகிறது. ஒரு பக்கம் தேய, மறுபக்கம் சேர, பள்ளமே துருவத்தை நோக்கி ஏறிச் செல்கிறது.

அரிப்பே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வடக்கே 700 மீட்டர் உயரச் செங்குத்துச் சரிவொன்றில் பனியும் தூசும் சரிந்து விழுவதை 2008 பிப்ரவரியில் அதே விண்கலத்தின் ஹைரைஸ் கேமரா நேரடியாகவே பிடித்தது. தென்துருவத்தில் உறைந்த கார்பன் டை ஆக்சைடில் உள்ள குழிகளின் விளிம்பு ஒவ்வொரு செவ்வாய் ஆண்டும் சில மீட்டர் பின்வாங்குகிறது.

ஆகவே அடுக்குகளை எண்ணி ஆண்டுக் கணக்குப் போட முடியாது. இடையில் எத்தனை அடுக்குகள் அழிந்தன என்று எண்ணிக்கை சொல்லாது. மாதிரியை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தென்துருவ அடுக்குகளில் இறங்கப் போன மார்ஸ் போலார் லேண்டர் 1999 டிசம்பரில் தொலைந்தது. அடுத்து ஒன்றை அனுப்பினால் மேட்டின் உச்சியில் துளையிடச் சொல்ல மாட்டேன். சுருள் பள்ளமொன்றின் வெயில் படும் சுவரில், ஏற்கெனவே வெட்டுப்பட்டு நிற்கும் அடுக்குகளின் மேல், கீழிருந்து மேலாக ஏறச் சொல்வேன்.