எழுதும் அக்காவும் எட்டிப் பிடிக்கும் தம்பியும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

யு.கே.ஜி. வயதிலுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் மதுரையிலும் ஆங்காங்கே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. எங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது என்ன பாடத்திட்டம், எந்தப் புத்தகம் என்பதைத்தான். ‘மூத்தவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது சின்னவர்கள் இருவரும் என்ன செய்வார்கள்?’ என்று கேட்பவர் அரிது. அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் நாலைந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஓர் அப்பத்தாவாகவோ அம்மாச்சியாகவோ இருப்பார். ஐந்து வயதுப் பெண், மூன்று வயதுப் பெண், ஒன்றரை வயதுப் பையன் என்று மூவர் இருக்கும் எங்கள் வீட்டில் நாளின் போக்கை முடிவு செய்வது இந்தக் கேள்விதான் என்பதால், இன்றைய உரையை அதைச் சுற்றியே அமைத்துக்கொள்கிறேன்.

சட்டத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைக் கட்டாயம் என்று அது சொல்லவில்லை. ஆகவே ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் இருப்பதற்குத் தடையேதும் இல்லை. ஆறு வயதுக்குப் பிறகு நிலைமை வேறு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த வயதில் உட்கார்ந்து செய்யும் பாடம், காலையும் மாலையும் சேர்த்து, அரைமணி நேரம் இருந்தால் தாராளம் என்பது என் கருத்து. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் வரிசையில் நிற்பதற்கும், கை கழுவுவதற்கும், பக்கத்துப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதற்கும் போகும் நேரம் வீட்டில் இல்லை. ஒன்பதரை மணி தொடங்கிப் பன்னிரண்டரை மணி வரை பள்ளிக்கூடத்தை அப்படியே கூடத்துக்குள் கொண்டுவந்து இறக்கப் பார்க்கும் தாய், கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில், ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள்.

அந்த அரைமணி நேரத்தைச் சின்னவன் தூங்கும்போது வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே நண்பகலுக்குப் பின் ஒரு நல்ல இடைவெளி கிடைப்பது உண்மைதான். ஆனால் தாய் ஆற அமர ஒரு வாய் சோறு உண்ணக் கிடைப்பதும் அந்த இடைவெளிதான். அதை முழுவதும் பாடத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். கவனம் அதிகம் வேண்டிய ஒன்றை மட்டும், அதாவது புதிதாக ஓர் எழுத்தையோ எண்ணையோ அறிமுகம் செய்வதை மட்டும் அப்போது வைத்துக்கொண்டு, மற்றவற்றை மூவரும் விழித்திருக்கும் நேரத்திலேயே நடத்தப் பழகிக்கொள்வது நல்லது.

அப்படி நடத்துவதற்கு ஒரு வரிசைமுறை உண்டு. முதலில் சிறியவனைக் கவனிக்க வேண்டும். வயிறு நிறைந்து, மடியில் சற்று நேரம் கொஞ்சப்பட்டு, பிறகு இறக்கிவிடப்பட்ட குழந்தை தானாகவே விளையாடப் போகும். அக்காவின் நோட்டைத் திறந்த பிறகு அவனை மடியிலிருந்து இறக்கினால், அந்த நோட்டுத்தான் தன் இடத்தைப் பறித்தது என்று அவனுக்குத் தோன்றிவிடும். எட்டிப் பிடித்து இழுப்பான். அடுத்து, அக்காவிடம் இருப்பது அவனிடமும் இருக்க வேண்டும். அவளுக்கு ஒரு சிலேட்டு என்றால் அவனுக்கும் ஒரு சிலேட்டு, சாக்பீசுக்குப் பதிலாக ஈரத்துணி. நடுப்பெண்ணுக்குப் பாத்திரங்களையும் மூடிகளையும் கொடுத்துப் பொருத்தச் சொன்னால், பெரியது சிறியது என்பதை எவரும் சொல்லாமலே அவள் கற்றுக்கொள்கிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும். எண்ணக் கற்பிப்பதற்கு நம் வீடுகளில் காலங்காலமாகப் பயன்பட்டவை புளியங்கொட்டை, சோழி, பல்லாங்குழி முத்து ஆகியவை. ஐந்து வயதுக்கு இவற்றைவிட நல்ல கருவி கிடையாது. ஒன்றரை வயதுக்கு இவற்றைவிட ஆபத்தானதும் வேறில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் கிடைத்ததை வாயில் வைத்துத்தான் அறிந்துகொள்வார்கள். கொட்டையோ நிலக்கடலையோ மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மூவரும் கூடியிருக்கும்போது எண்ணுவதற்குக் கொட்டாங்குச்சி, எலுமிச்சம்பழம், கரண்டி போன்றவையே போதும். புளியங்கொட்டை டப்பா உயரமான அலமாரியிலிருந்து சின்னவன் தூங்கிய பிறகே கீழே இறங்கலாம். எண்ணி எடுத்ததை எண்ணியே திரும்ப வைப்பதையும் மூத்தவளின் கணக்குப் பாடமாக்கிவிடலாம். விளையாட்டுப் பொம்மைகளிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் வடிவ பேட்டரி விழுங்கப்பட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழலை அரித்துவிடும். தண்ணீரில் விளையாட விடும்போது வாளியில் நான்கு விரல் உயரத் தண்ணீர் இருந்தாலும் பக்கத்தைவிட்டு எழக் கூடாது. பாடம் ஒரு நாள் தவறலாம், இவற்றில் ஒன்றுகூடத் தவறக் கூடாது.

பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கற்பது நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பெரியவர்களும் சிறியவர்களும் ஒரே இடத்தில் அமர்ந்து மணலில் எழுதினார்கள். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் இந்த வழக்கத்தைக் கண்டு, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை ஒன்றை வகுத்தார். அவர் 1797-இல் அதை நூலாக வெளியிட்ட பின் ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. 1939-இல் சென்னைக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொடைக்கானலில் தங்கியபோது, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்தே தம் பணியைத் தொடர்ந்தார். மூன்று வயதுத் தங்கைக்கு ‘ட’ என்ற எழுத்தைக் காட்டும்போது அக்காவுக்கு அது இரண்டாம் முறை பதிகிறது. ஆனால் மூத்த பெண்ணைச் சட்டாம்பிள்ளையாக்குவது வேறு, ஆயாவாக்குவது வேறு. ‘தம்பியைப் பார்த்துக்கொள், நீதான் பெரியவள்’ என்று பாடத்தின் நடுவே ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்வதை நான் ஏற்பதில்லை. வீட்டில் கற்பிப்பதாகச் சொல்லிக்கொண்டு பெண் குழந்தையின் கல்வியைக் கெடுப்பதற்கு அதுவே போதும்.

எழுத்தைப் பொறுத்தவரை அ, ஆ வரிசையில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நேர்க்கோடுகளால் எழுதக்கூடிய ட, ப ஆகியவற்றோடு ம-வையும் சேர்த்துப் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று குழந்தை அந்த வாரமே படிக்கத் தொடங்கிவிடும். வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதும், பெரியார் பேருந்து நிலையத்தில் பேருந்தின் எண்ணைப் படித்துச் சொல்வதும், பூக்கடையில் முழம் போடுவதைப் பார்ப்பதும் கணக்குத்தான். இவற்றுக்குச் சின்னவர்களைத் தனியே சமாளிக்க வேண்டியதில்லை, இடுப்பில் ஒருவன், கையில் ஒருத்தி என்று உடன் வந்துவிடுவார்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கெனத் தனிப்பகுதி இருக்கிறது. கீழடி அருங்காட்சியகத்தில் ‘ஆதன்’ போன்ற பெயர்களைப் பானையோடுகளில் கீறி வைத்திருப்பதைக் காணலாம். தன் பெயரைச் சிலேட்டில் எழுதப் பழகும் குழந்தைக்கு, அந்தக் காலத்திலும் ஒருவர் தம் பொருள்மீது பெயர் எழுதி வைத்தார் என்பது உடனே விளங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் போய்த் திரும்புவது சின்னவர்களுக்கு நல்லது.

சின்னவனை அமைதிப்படுத்தக் கைப்பேசியைக் கொடுப்பது எளிய வழிதான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கைப்பேசிக்கு மாற்றாக வீட்டில் தாத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் அது பெரும்பேறு. இல்லாதவர்கள் நடுக்குழந்தையை அருகிலுள்ள அங்கன்வாடிக்குக் காலையில் அனுப்பலாம். ‘மூத்தது வீட்டில், இளையது அங்கன்வாடியிலா?’ என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

இனி ஆறு வயதுக்குப் பின் என்ன என்பது. பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாவது பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம். ஆறு வயது கடந்தும் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள நான்காவது பிரிவு வழிசெய்கிறது, ஆகவே எல்.கே.ஜி. படிக்காததால் ஓர் ஆண்டு வீணாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். ஆனால் தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காட்டு இடங்கள் அப்பள்ளிகளின் நுழைவு வகுப்பில்தான் நிரப்பப்படுகின்றன. மழலையர் வகுப்பு இருக்கும் பள்ளிகளில் அது எல்.கே.ஜி.யாகவே இருக்கும். அந்த இடத்தை நம்பியிருக்கும் குடும்பம், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதா என்பதை எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.