பதினாறு எண்ணும் நான்கு பெட்டியும்

(வியாசர்பாடி படிப்பகம் ஒன்றில், பெற்றோரும் மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் சில எண்கள் சொல்கிறேன். யாரும் எழுதக் கூடாது, காதால் மட்டும் கேளுங்கள். 4, 0, 0, 2, 7, 6, 9, 1, 0, 5, 9, 1, 7, 4, 9, 1. யார் திருப்பிச் சொல்கிறீர்கள்?

(நான்கு பேர் முயன்றார்கள். ஏழாவது எண்ணைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை.)

சரி. இதே பதினாறு எண்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாசிக்கிறேன். 1947, 1950, 1967, 2004. இப்போது சொல்லுங்கள். பார்த்தீர்களா, பின்வரிசையிலிருந்து பாட்டிகூடச் சொல்கிறார்! சுதந்திரம் வந்த வருஷம், குடியரசான வருஷம், அண்ணா முதலமைச்சரான வருஷம், சுனாமி வந்த வருஷம். ஒரு நிமிஷத்துக்குள் உங்கள் மூளை பெரிதாகிவிடவில்லை. எண்களும் அதே எண்கள்தான். ஏற்கெனவே உள்ளே இருந்த விஷயத்தோடு அவை போய் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான்.

‘என் பையனுக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது சார்’ என்று இந்தப் படிப்பக வாசலில் தாய்மார்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. பிள்ளை பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். இன்றைக்கு நான் பேச வந்ததே அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது சுமார் ஏழு உருப்படிகள், ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம் என்றார். 2001-இல் நெல்சன் கோவன் என்ற இன்னொரு உளவியலாளர் அதையும் குறைத்து, சுமார் நான்குதான் என்று வாதிட்டார். கலெக்டர் பிள்ளைக்கு நாற்பது, மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் பிள்ளைக்கு நான்கு என்று இல்லை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனாலும் இந்த இடம் எல்லோருக்குமே சின்னதுதான்.

மீன்பாடி வண்டி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. வண்டியில் நான்கு பெட்டிதான் ஏறும் என்று வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே ஒரு மீனை வைத்து ஓட்டுகிறவரும் உண்டு, பெட்டி நிறைய அடுக்கி ஓட்டுகிறவரும் உண்டு. வண்டி ஒன்றே. ‘1947’ என்பது நான்கு மீன் அடுக்கிய ஒரு பெட்டி.

இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்குத் தொடக்கத்தில் ஏழு எண்தான் நினைவில் நின்றது. ஒன்றரை வருஷத்துக்கும் மேலான பயிற்சியில் 79 எண் வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர். கேட்கும் எண்களையெல்லாம் ஓட்ட நேரங்களாக மாற்றிக் கட்டுக்கட்டாக அடுக்கினார். 1980-இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை வெளியிட்டார்கள். நான் ரசிப்பது அதற்கு அடுத்த தகவலை. எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள்; ஆறோடு நின்றுவிட்டார். வண்டி கடைசிவரை பெரிதாகவே இல்லை!

அடுத்து கவனம். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். பத்து வாய் ஒரே நேரத்தில் கத்தும். வஞ்சிரம் வாங்க வந்தவர் காதில் அந்த வஞ்சிரக் கூடையின் விலை மட்டும் ஏறும். 1953-இல் காலின் செரி என்ற ஆய்வாளர் இதைச் சோதனைக்கூடத்தில் செய்து பார்த்தார். ஒரு காதில் ஒரு பேச்சு, இன்னொரு காதில் வேறு பேச்சு. ஒன்றைக் கேட்டு உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றக் காதில் பேசியது ஆணா பெண்ணா என்று சொல்ல முடிந்தது. அங்கே ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைப் பலர் கவனிக்கவே இல்லை. இதையெல்லாம் வைத்து 1958-இல் டொனால்ட் பிராட்பென்ட் என்ற உளவியலாளர், கவனிக்காத பேச்சைத் தடுக்கும் ஒரு வடிகட்டி மூளைக்கு உள்ளே இருப்பதாகச் சொன்னார். மனதுக்குள் நடப்பதை ஆராயவே முடியாது என்று ஒதுக்கிவைத்திருந்த காலம் அத்துடன் முடியத் தொடங்கியது. அண்ணா முதல்வரான அதே 1967-இல் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளரின் புத்தகம் வந்து, கவனம், நினைவு என்று மனதுக்குள் நடப்பதை ஆராயும் இந்தத் துறைக்கு அறிதல்சார் உளவியல் என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் அந்த வடிகட்டி முழுசாக அடைப்பதில்லை. 1982-இல் சலாமே, பேட்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த சோதனையில், காதில் விழும் மனிதப் பேச்சு, கேட்காமல் ஒதுக்கச் சொன்னாலும், மனதில் பிடித்துவைத்த எண்களைக் கலைத்தது. வெறும் இரைச்சல் அப்படிக் கலைக்கவில்லை. தாய்மார்களே, ஒரே அறை வீட்டில் ஃபேன் சத்தம் பிள்ளையை அவ்வளவாகக் கெடுக்காது. சீரியல் வசனம் கெடுக்கும். பிள்ளை டிவி பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் கெடுக்கும். வீட்டைப் பெரிதாக்கு என்று உங்களிடம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு மணி நேரம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம்.

வண்டியில் இருப்பது, அதாவது அந்த நேரத்துக்கு மனதில் பிடித்துவைத்தது, நிரந்தர நினைவாகச் சேர்வது வேறு வேலை. 1953-இல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலேசன் என்பவருக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, மூளையில் புதிய நினைவுகளைச் சேர்க்க உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் பெரும்பாகத்தை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். எண்களைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்வார். கவனம் சிதறினால் போயிற்று. 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சிகள் அவரிடம் தங்கவில்லை.

அப்படியானால் தங்கவைப்பது எப்படி? பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு கட்டம் படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து? அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம். மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61. இதில் இன்னொன்று: எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள், அந்தத் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்!

விடியவிடிய கைட் புத்தகத்தை உருட்டிவிட்டு, பரீட்சை ஹாலில் முழிக்கிற பிள்ளைக்கு மூளை குறைவு இல்லை. அவன் படித்த விதம் அவனை ஏமாற்றியிருக்கிறது.

படிப்பகப் பொறுப்பாளர்களிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை முதல் தினமும் முதல் பத்து நிமிஷம் புத்தகப் பைகள் மூடியே இருக்கும். நேற்றுப் படித்ததை ஒவ்வொருவரும் பார்க்காமல் எழுத வேண்டும். மார்க் கிடையாது, திட்டு கிடையாது. எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் யாருக்காவது நேரமிருந்தால், வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதைப் பிள்ளையே தேடிச் சொல்லட்டும்.