எத்தனை நாளில் சரியாகும்?

நேயர்களுக்கு வணக்கம்.

குடிநோய் சிகிச்சைக்கு வரும் ஆண்கள் பலர் உட்காரும் முன்பே கேட்பார்கள்: "எத்தனை நாள் ஆகும் டாக்டர்? லீவு சொல்லணும்." கேட்கும்போது தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். ஒரு கையால் பிடித்தால் சிந்தும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நடுக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியமாகத் திடீரென நிறுத்தினால், 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 2 நாட்களில் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு சண்டை போடுவார். உயிரே போகக்கூடிய கட்டம் அது. "நாலு நாள் ரூமில் பூட்டி வை, தெளிஞ்சிடுவான்" என்பவர்களுக்கு இது தெரியாது. டயஸிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, வைட்டமின் பி1-ம் கொடுத்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் இதைத் தாண்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம்.

லீவுக் கணக்கில் இருப்பது இந்த ஒரு வாரம்தான். உடம்பு தெளிந்துவிட்டது, சரி. சம்பள நாள் சாயங்காலம் கால் எந்தப் பக்கம் திரும்பும்? சிகிச்சை அங்கேதான் ஆரம்பிக்கிறது, மாதக் கணக்கில் நடக்கிறது.

எல்லோரும் மையத்தில் தங்க வேண்டியதில்லை. வலிப்பு வந்திராதவர், வீட்டில் துணை உள்ளவர், மருத்துவர் சம்மதித்தால் வெளிநோயாளியாகவே வரலாம். குடிக்கும் ஏக்கத்தைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள் இருக்கின்றன. டைசல்ஃபிராம் வேறு வகை: அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது ஆளைக் கொல்லலாம்.

ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் உண்டு; அவையும் ஹெராயின் வகையைச் சேர்ந்தவைதான். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஹெராயினைச் சிலகாலம் நிறுத்தியவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவை எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். அந்த மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களிடம் இந்தச் சாவு குறைவு.

1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு. இலவசம். மனைவியிடம் வாய் திறக்காத ஆண், அங்கே தன்னைப் போன்றவர்கள் நடுவே பேசிவிடுகிறார். எங்களிடமும் முக்கியமான விஷயம் கடைசியில்தான் வரும். கிளம்பிக் கதவு வரை போய், கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு: "தாம்பத்தியத்துல கொஞ்சம் பிரச்சினை... குடியாலயா?" குடியாலும் இருக்கலாம், நிறுத்தினால் பலருக்குச் சீராகிறது. உட்கார்ந்தே கேளுங்கள், ஐயா.

சறுக்கல் நடக்கும். மூன்று மாதம் குடிக்காமல் இருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் தொட்டுவிடுவார். பிறகு வெட்கத்தில் எங்கள் பக்கமே வரமாட்டார். வாருங்கள், அன்றைக்கே. அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.