ஓ.பி. வரிசையின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது? நம் பெங்களூரில், அல்சூரில் கேட்டாலும் சிவாஜிநகரில் கேட்டாலும் ஸ்ரீராமபுரத்தில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: கூட்டம் அதிகம், டாக்டர்கள் குறைவு. பல இடங்களில் அது உண்மையே. ஆனால் டாக்டர்கள் போதிய அளவு இருக்கிற இடத்திலும் மக்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டலாம். பக்கத்தில் பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு காலை நேர ஓ.பி.யை, அதாவது வெளிநோயாளர் பிரிவை, வைத்துக்கொள்வோம். நான்கு டாக்டர்கள். ஒரு நோயாளிக்குச் சராசரியாக 6 நிமிடம். ஒரு டாக்டர் மணிக்கு 10 பேரைப் பார்ப்பார். நால்வரும் சேர்ந்தால் 40 பேர். ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை 160 பேரைப் பார்த்து முடிக்கலாம். அன்று வருகிறவர்கள் 150 பேர். ஆக, பற்றாக்குறை இல்லை.

இப்போது அந்த 150 பேரும் எப்போது வருகிறார்கள் என்று பாருங்கள். ஒன்பது அடிக்கும்போதே 90 பேர் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாயிற்று. மீதி 60 பேர் அடுத்த இரண்டு மணி நேரத்தில், மணிக்கு 30 பேர் வீதம் வருகிறார்கள். 11 மணிக்குள் டாக்டர்கள் 80 பேரைப் பார்த்திருப்பார்கள். 90ம் 60ம் 150. அதில் 80 போக 70 பேர் இன்னும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த 70 பேரும் முடிய 12.45 ஆகும். ஒன்பது மணிக்குத் தொண்ணூறாவது ஆளாக இருந்தவர் உள்ளே போகும்போது மணி 11.15. பதினொன்றுக்குக் கடைசியாக வந்தவர் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தார். எல்லாருடைய நேரத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 221 மணி; தலைக்கு ஒன்றரை மணி நேரம். இது ஒன்பது மணிக்குப் பிறகு காத்திருந்தது மட்டும். ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்தவர்களின் நேரம் இதில் சேரவில்லை.

அந்த 221 மணி நேரம் மருத்துவமனையின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. டாக்டர்கள் கால் மணி முன்னதாகவே முடித்துவிட்டார்கள். நிர்வாகத்தின் கண்ணில் அது நல்ல நாள். இழந்தது கட்டட வேலைக்குப் போகாமல் வந்தவரின் அரை நாள் கூலி, துணைக்கு வந்த மகளின் அரை நாள் கூலி. கணக்கில் ஏறாத எதையும் யாரும் குறைக்க முயல மாட்டார்கள். மருத்துவமனைகளுக்குக் கணித மாதிரி தேவை என்று நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

இவ்வளவு பேர் ஏன் விடிந்ததும் வருகிறார்கள்? முதலில் வந்தவருக்கு முதல் டோக்கன் என்று விதி வைத்திருக்கிறோம். அந்த விதியின் கீழ், முந்தி வருவதுதான் புத்திசாலித்தனம். கூட்டத்தை உண்டாக்குவதே டோக்கன் முறைதான். இதே 150 பேருக்கு அரை மணிக்கு 19 பேர் என்று நேரம் குறித்துக் கொடுத்தால், டாக்டர்களின் வேலை ஒரு நிமிடம்கூடக் கூடாமல், சராசரிக் காத்திருப்பு அரை மணிக்குள் வந்துவிடும்.

நேரம் குறிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நார்மன் பெய்லி என்ற புள்ளியியலாளர் 1952இல் இங்கிலாந்தின் ஓ.பி.க்களை ஆராய்ந்து ஒரு எளிய விதியைச் சொன்னார். தொடக்க நேரத்துக்கு ஒரு டாக்டருக்கு இரண்டு பேரை வரச்சொல்லுங்கள். பிறகு, ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்துக்கு ஒருவர் என்று வரச்சொல்லுங்கள். முதல் ஆள் வராமல் போனாலும் டாக்டர் சும்மா இருக்க மாட்டார்; மற்றவர்களின் காத்திருப்பும் அளவோடு நிற்கும். எழுபது ஆண்டு கடந்தும் இந்த விதியை எளிதில் வெல்ல முடிவதில்லை.

இதைக் கெடுப்பது எது? பெரும்பாலும் தாமதமான தொடக்கம். ஒன்பதுக்கு வரவேண்டிய டாக்டர்கள் 9.40க்கு வந்தால் 27 பேருக்கான வேலை நின்றுவிடுகிறது. நம் கணக்கில் நாள் முழுவதற்கும் உபரி 10 பேருக்கான நேரம்தான். ஆகவே அந்த நாற்பது நிமிடத்தை அன்றைக்கு மீட்கவே முடியாது. கடைசி நோயாளி வரைக்கும் அது போய்ச் சேரும். இரண்டு வாரம் இப்படி நடந்தால், குறித்த நேரத்தை யாரும் நம்ப மாட்டார்கள். மறுபடி ஏழு மணிக்கே வரத் தொடங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வருகிறவரும், ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பஸ்ஸில் வருகிறவரும் ஓ.பி. அட்டவணையைப் பார்த்து வருவதில்லை, ரயில், பஸ் நேரத்தைப் பார்த்து வருகிறார்கள். அவர்களுக்குக் காலை 9.15 என்று குறித்துக் கொடுப்பதில் பயனில்லை. முகவரியைப் பார்த்து, வெளியூர்க்காரர்களுக்குப் பத்து மணிக்கு மேலும், பக்கத்துத் தெருக்காரர்களுக்குத் தொடக்கத்திலும் கொடுக்க வேண்டும். போனில் பதியத் தெரியாதவர்கள் நேரில் வருவார்கள். அவர்களுக்கென்று ஒவ்வொரு அரை மணியிலும் சில இடங்களைக் காலியாக வைக்காத எந்த முறையும் ஏழைகளைத் தள்ளிவிடும் முறைதான்.

2022 முதல் பல மருத்துவமனைகளில் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பதிவு செய்துகொள்ளும் வசதி வந்திருக்கிறது. நல்ல வசதி. ஆனால் பதிவுக் கவுன்ட்டர் வேகமானால் டாக்டர் அறைக்கு வெளியே இருக்கும் வரிசை அந்த அளவுக்கு நீளும். எந்த இடம் மிக மெதுவோ, மருத்துவமனையின் வேகம் அதுதான். முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரும்பாலும் அது ஒரு ஸ்கேன் அறையாக இருக்கும். இங்கே வேறொரு கணக்கு வருகிறது. நிர்வாகிகள் பலருக்கும் இது நம்ப முடியாததாகத் தோன்றும். ஓர் அல்ட்ராசவுண்டு இயந்திரம், ஒருவருக்குச் சராசரி 10 நிமிடம், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள் என்று வையுங்கள். இயந்திரம் பாதி நேரம் வேலை செய்தால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். 80 சதவீத நேரம் வேலை செய்தால் 40 நிமிடம். 90 சதவீதத்தில் 90 நிமிடம். 95 சதவீதத்தில் 190 நிமிடம். கடைசி ஐந்து சதவீத வேலைக்காகக் காத்திருப்பு இரு மடங்குக்கு மேல் போகிறது. இயந்திரம் ஒரு நிமிடமும் சும்மா இருக்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறவர், அதே கையெழுத்தில் நோயாளிகளை மூன்று மணி நேரம் உட்காரவும் வைக்கிறார்.

இதற்குக் காரணம் ஏற்றத்தாழ்வு. வருகை சீராக இருந்து, ஒவ்வொரு ஸ்கேனும் சரியாகப் பத்து நிமிடம் எடுத்தால் 95 சதவீதத்திலும் வரிசை இருக்காது. ஸ்கேன் நேரத்தை மட்டும் ஒரே அளவாக்கினாலே காத்திருப்பு பாதியாகும். ஆகவே கர்ப்பிணிகளின் நீண்ட ஸ்கேனை ஒரு வேளையிலும், வயிற்று ஸ்கேன்களை இன்னொரு வேளையிலும் வைப்பது, தண்ணீர் குடித்துவிட்டு வரும்படி முந்தின நாளே சொல்லியனுப்புவது, இவையெல்லாம் காசில்லாமல் வரிசையைக் குறைக்கும் வேலைகள்.

இரண்டு இயந்திரம் இருந்தால் பல இடங்களில் இரண்டு வரிசை வைக்கிறார்கள், ஒன்று ஓ.பி.க்கு, ஒன்று வார்டுக்கு. இரண்டும் 90 சதவீத வேலையில் இருந்தால் இரண்டிலும் 90 நிமிடம். வரிசையை ஒன்றாக்கி, எது காலியாகிறதோ அதற்கு அடுத்த ஆளை அனுப்பினால் 43 நிமிடம். அதே இயந்திரங்கள், அதே ஆட்கள்.

இந்தக் கணிதம் பிறந்தது மருத்துவத்துறையில் அல்ல. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், எத்தனை இணைப்பு இருந்தால் எத்தனை அழைப்பு தவறிப்போகும் என்று 1909 முதல் ஆராய்ந்து 1917இல் சூத்திரங்களை வெளியிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அந்தச் சூத்திரம் அப்படியே பொருந்துகிறது. பத்துப் படுக்கை கொண்ட ஒரு ஐ.சி.யூ.; யாரையும் திருப்பி அனுப்பாவிட்டால் சராசரியாக எட்டுப் படுக்கைக்கான தேவை. இரண்டு உபரி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வருகிற நூறு பேரில் 12 பேருக்கு இடம் இல்லை என்று சொல்ல நேரும். இதேபோல இரண்டு பிரிவுகள் இருந்து, அவற்றை இருபது படுக்கையாக ஒன்றுசேர்த்தால், நூறில் 6 பேருக்குத்தான் அந்த நிலை வரும். இதயத்துக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று என்று பிரித்து வைப்பதில் மருத்துவக் காரணம் இருக்கலாம்; நர்ஸ்களின் பயிற்சி வேறு. ஆனால் அந்தப் பிரிவினைக்கு எத்தனை பேர் விலை கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

வார்டுகளைப் பற்றிப் பேசும்போது 85 சதவீதம் என்ற எண் அடிக்கடி வரும். 1999இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, அவசர நோயாளிகளின் படுக்கைகள் சராசரி 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் ஆபத்து தென்படத் தொடங்கும் என்றும், 90ஐத் தாண்டினால் நெருக்கடி வாடிக்கையாகிவிடும் என்றும் மாதிரி மூலம் காட்டியது. அதை எல்லா இடத்துக்கும் பொதுவான வரம்பாக எடுத்துக்கொள்வது தவறு. பத்துப் படுக்கை வார்டுக்கு 80கூட அதிகம்; நூறு படுக்கைக்கு 90ஐத் தாங்க முடியும். சிறிய வார்டில் இரண்டு பேர் கூடுதலாக வந்தாலே தாங்காது.

படுக்கைக்கு இன்னும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது: நாளொன்றுக்கு எத்தனை பேர் சேர்கிறார்களோ, அதைத் தங்கும் சராசரி நாட்களால் பெருக்கினால், நிரம்பியிருக்கும் படுக்கைகளின் எண்ணிக்கை. நாளுக்கு 20 பேர், நாலரை நாள் என்றால் 90 படுக்கை. தங்கும் நேரத்தில் அரை நாள் குறைந்தால் 80. பத்துப் படுக்கை கட்டடம் கட்டாமலே கிடைக்கிறது.

அந்த அரை நாளில் ஒரு பகுதி எங்கே இருக்கிறது? டிஸ்சார்ஜ் நாளில். பத்தரைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் இளம் டாக்டர் இன்னும் ரவுண்ட்ஸிலேயே இருக்கிறார். மீந்த மருந்தை பார்மசிக்குத் திருப்ப வேண்டும். பில் வர வேண்டும். காப்பீட்டு அனுமதி வர வேண்டும். 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதற்கு மூன்று மணி நேர வரம்பு வைத்தது. வரம்புக்குள்ளேயே வந்தாலும், விண்ணப்பம் ஒரு மணிக்குப் போனால் பதில் நான்கு மணிக்கு. படுக்கை ஐந்து மணிக்குக் காலியாகிறது. புது நோயாளி பதினொன்றுக்கே வந்து ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். இருபது டிஸ்சார்ஜை நான்கு மணி நேரம் முன்னதாக முடித்தால் 80 படுக்கை-மணி மிச்சம். மூன்றுக்கும் மேற்பட்ட படுக்கைகள் தினமும். வழி: நாளை போகக்கூடியவர் யார் என்று இன்று மாலையே குறித்து, சம்மரியை இரவுப் பணியில் எழுதி, இடைக்கால பில்லை அன்றே போட்டுவிடுவது.

ஆபரேஷன் தியேட்டரில் சராசரிகளை மட்டும் கூட்டி அட்டவணை போடுவதுதான் பொதுவான பிழை. ஐந்து அறுவை, ஒவ்வொன்றும் 60 நிமிடம், இடையே நான்கு முறை 20 நிமிடம் சுத்தம் செய்ய. மொத்தம் 380 நிமிடம். எட்டரை முதல் மூன்றரை வரை 420 நிமிடம் இருக்கிறது, போதும் என்பார்கள். ஒவ்வொரு அறுவையும் 20 நிமிடம் முன்பின்னாகும் என்று திட்டவிலக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள்: ஐந்து நாளில் ஒரு நாள் நேரம் மீறும். முதல் அறுவை அரை மணி தாமதமாகத் தொடங்கினால் ஐந்தில் இரண்டு நாள். மீறும் நாளில் கடைசி நோயாளி, காலையிலிருந்து பட்டினி கிடந்தவர், ரத்தாகித் திரும்புகிறார். எவ்வளவு நேரமாகும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அறுவைகளை முன்னால் வைத்து, சொல்ல முடியாதவற்றைப் பின்னால் வைத்தால் காத்திருப்பு குறையும்.

ஓர் அறுவைக்கும் அடுத்ததுக்கும் இடையே ஆகும் மாற்ற நேரத்தையே மறைத்துவிடும் வழியை நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை செய்து காட்டியிருக்கிறது. 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது. ஒரு கண் மருத்துவருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை; ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயாராகிறார். கண்புரை அறுவை குறுகியது, ஏற்றத்தாழ்வும் குறைவு. அதனால் அங்கே அது பொருந்துகிறது. வயிற்று அறுவைக்கு அப்படியே எடுத்துக்கொண்டால் பொருந்தாது.

இதையெல்லாம் தொடங்க விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் நான்கு நேரம்: வாசலில் நுழைந்தது, டாக்டர் அறைக்குள் போனது, வெளியே வந்தது, மருந்து வாங்கிப் புறப்பட்டது. இரண்டு வாரம் போதும். இரண்டு திங்கட்கிழமையும் அதில் இருக்க வேண்டும், திங்கள்தான் மிக மோசமான நாள். நுழைந்த நேரத்தை வாசலில் நிற்பவர் எழுத வேண்டும். கவுன்ட்டரில் எழுதினால் கவுன்ட்டர் வரிசை கணக்கிலிருந்து மறைந்துவிடும். கணினியில் இருக்கும் நேரங்களை அப்படியே நம்பக் கூடாது. முப்பது பேர் பகல் 1.05க்கு ஒரே நிமிடத்தில் வெளியேறியதாக இருந்தால், யாரோ கடைசியில் மொத்தமாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எளிய சூத்திரங்களுக்கு அடங்காத இடத்தில், உதாரணமாக லேபுக்குப் போய்விட்டு அதே டாக்டரிடம் திரும்பி வருகிற நோயாளிகள் நிறைய இருந்தால், கணினியில் உருவகப்படுத்திப் பார்க்க வேண்டும். பைத்தான் மொழியில் சிம்பை என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. பொறியியல் மாணவர் ஒருவர் சில வாரங்களில் ஓ.பி. முழுவதையும் அதில் அமைத்துவிடுவார். ஒரு முறை ஓட்டிப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. இருநூறு நாட்களை ஓட்டி, சராசரியோடு, பத்தில் ஒன்பது பேர் எவ்வளவு நேரத்துக்குள் பார்க்கப்பட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், போன மாதம் உண்மையில் நடந்த காத்திருப்பை அந்த மாதிரி ஏறத்தாழ சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். சொல்லாவிட்டால் பெரும்பாலும் விட்டுப்போனது மனிதர்கள் செய்யும் ஏதோ ஒன்று: டாக்டரின் தேநீர் இடைவேளை, வார்டிலிருந்து வரும் அவசர அழைப்பு, தெரிந்தவர் என்று நடுவில் நுழைபவர். அவற்றை அங்கே தினமும் நிற்கும் நர்ஸிடமும் வாசல் காவலரிடமும் கேட்டுத்தான் சேர்க்க முடியும்.

நன்றி, வணக்கம்.