ஆறு ஆண்டுப் பட்டியலில் முதல் ஆண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நகரங்களில் குடியிருக்கும் நண்பர்கள் சிலர் என்னிடம் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்: "எங்கள் தெருவுக்கு நடைபாதை வரப்போகிறது, சிட்டி பிளானில் போட்டுவிட்டார்கள்." நான் உடனே கேட்பது, "எந்த ஆண்டுக்குப் போட்டிருக்கிறார்கள்?" என்பதுதான். பெரும்பாலும் பதில் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து அவர்கள் ஏமாந்து நிற்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சம்பளம், எரிபொருள், மின்கட்டணம் போன்றவை நகரத்தின் அன்றாடச் செலவுகள். சாலை, பாலம், குடிநீர்க் குழாய், தீயணைப்பு நிலையம் போன்றவை பல ஆண்டு நிலைக்கும் சொத்துகள். இவற்றைக் கட்டவும் புதுப்பிக்கவும் நகரம் தனியாக ஒரு திட்டம் வைத்திருக்கும். அதற்குப் பெயர் மூலதன மேம்பாட்டுத் திட்டம். வழக்கமாக ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்குப் போடுவார்கள். மிச்சிகன் மாநிலத்தின் 2008ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டம் ஆறு ஆண்டு என்றே சொல்கிறது. பணிகளை முன்னுரிமை வரிசையில் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பழைய ஆண்டு கழியும், கடைசியில் புதிதாக ஓர் ஆண்டு சேரும்.

இதில் முதல் ஆண்டுக்கு மட்டும்தான் உண்மையான பணம் ஒதுக்கப்படும். அந்த ஆண்டின் பணிகள் பட்ஜெட்டுக்குள் போகும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை உள்ளவை எண்ணம் மட்டுமே. நகரமன்றம் திட்டத்தை ஏற்றுத் தீர்மானம் போட்டாலும் அந்தப் பணிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்கியதாக ஆகாது. நான்காம் ஆண்டில் இருக்கும் நடைபாதை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்க வேண்டும். மறுபடியும் நான்கிலேயே இருந்தால், யாரோ அதைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதனால் இந்த ஆண்டுத் திட்டத்தையும் போன ஆண்டுத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சரி, பட்டியல் எப்படி உருவாகிறது? முதலில் ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதை எழுதிக் கொடுக்கும். கேட்பது எப்போதும் கையிருப்பைவிட அதிகம். அதனால் பல நகரங்களில் மதிப்பெண் போடுகிறார்கள்: உயிருக்கு ஆபத்து உண்டா, சட்டம் கட்டாயப்படுத்துகிறதா, வெளியிலிருந்து மானியம் வருமா, நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் நீண்டகால மாஸ்டர் பிளானோடு ஒத்துப்போகிறதா என்று. அப்புறம் திட்டக் குழு, அதாவது பிளானிங் கமிஷன், பார்க்கும். கலிபோர்னியாவில் பொதுப்பணிப் பட்டியல் நகரத்தின் பொதுத் திட்டத்தோடு (மாஸ்டர் பிளானுக்கு அங்கே அதுதான் பெயர்) பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது சட்டப்படியான கடமை. நியூயார்க் நகரத்தில் பகுதிவாரி ஆலோசனைக் குழுக்களான 59 சமூக வாரியங்கள் தங்கள் பகுதிக்கு வேண்டியதை ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கின்றன. கடைசியில் மக்கள் கருத்தைக் கேட்கும் பொது விசாரணை நடக்கும், நகரமன்றம் வாக்களிக்கும்.

மக்கள் திரண்டு வருவது அந்தக் கடைசி இரவுக்குத்தான். அப்படிப்பட்ட கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நியாயமான கோரிக்கையோடு வருபவர்களைப் பார்த்தால் மனசு கனக்கும். அதற்குள் கணக்கு முடிந்திருக்கும். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை எடுத்தாக வேண்டும். துறைகள் பட்டியல் தயாரிக்கும் மாதங்களிலும், திட்டக் குழு படிக்கும் நாட்களிலும் வந்த ஒரு கடிதத்துக்கு அந்த இரவின் மூன்று நிமிடப் பேச்சைவிட வலு அதிகம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிநீர், கழிவுநீர்ப் பணிகள் பெரும்பாலும் கட்டணத்திலிருந்து நடக்கும். மற்றவற்றுக்கு வரி, மானியம், கடன் பத்திரம். கலிபோர்னியாவில் ஒரு நகரம் சொத்து வரியை நம்பிப் பொதுக் கடன் பத்திரம் வெளியிட வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும்.

கடன் பத்திரத்தால் ஒரு நூலகத்தைக் கட்டலாம். ஆனால் அதைத் திறந்துவைத்திருக்கும் ஊழியர்களின் சம்பளம் அன்றாட பட்ஜெட்டிலிருந்துதான் வர வேண்டும். நல்ல திட்டத்தில் ஒவ்வொரு பணிக்கும் பக்கத்தில், கட்டிய பிறகு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் கேளுங்கள். கட்டிடம் எழுந்து நிற்க, உள்ளே ஆள் போடப் பணமில்லை என்றால் யாருக்கு லாபம்?

இன்னொன்றும் கேளுங்கள். புதிய பூங்காவுக்காகப் பேச நூறு பேர் வருவார்கள். மண்ணுக்கடியில் இருக்கும் பழைய குழாய்க்காக யாரும் வருவதில்லை. அது உடைகிற வரை கண்ணுக்கே தெரியாது. உடைந்த பிறகு அவசரமாகச் சரிசெய்ய ஆகும் செலவு திட்டமிட்டு மாற்றுவதைவிட அதிகம், சாலையையும் சேர்த்துத் தோண்ட வேண்டியிருக்கும். ஆகவே சாலைக்குப் புதிதாகத் தார் போடுகிறார்கள் என்றால், அதற்குக் கீழே உள்ள குழாயின் முறை எந்த ஆண்டில் வருகிறது என்று பாருங்கள். குழாய்க்கு ஐந்தாம் ஆண்டு, தாருக்கு முதல் ஆண்டு என்று இருந்தால், திட்டக் குழுவுக்கு எழுத உங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. இரண்டு பணிகளின் எண்களையும் குறிப்பிட்டு, விசாரணைக்குச் சில வாரங்கள் முன்னதாகவே எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.