வாசலில் நிற்பவருக்கு யார் பதில் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவம் மக்களின் உரிமை என்று பேச வரும்போதெல்லாம், ஒரு பெண் கேட்ட கேள்வியே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

அவருடைய கணவர் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் மரங்களுக்கிடையே நடப்பவர்களுக்குப் பாம்பு எவ்வளவு அருகில் கிடக்கும் என்பதை மலையோரத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று கண்ணாடி விரியன் அவரைக் கணுக்காலில் கடித்தது. முதலில் சென்ற இடத்தில் விஷமுறிவு மருந்து இல்லை என்றார்கள். அடுத்த இடத்தில் முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். மூன்றாவது இடத்தில் உயிர் பிழைத்தாலும், அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் அவர் மீண்டும் வெட்டுக்குப் போகவே இல்லை. "நர்சம்மா, மருந்து இல்லன்னு அனுப்புனவிய யாருட்ட பதில் சொல்லுவாவ?" என்று அந்தப் பெண் கேட்டார். அன்று என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

பின்னாளில் ஒரு தீர்ப்பைப் படித்தபோது அந்தக் கேள்வி அங்கே எழுப்பப்பட்டிருந்தது. 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, வசதி இல்லை, படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துச் சிகிச்சை பெற்றார். அவசரச் சிகிச்சையை மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதி இல்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது என்றும் 1996-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நோயாளியின் நிலையைச் சீராக்கும் வசதியும், எங்கே படுக்கை காலியாக உள்ளது என்று அறியும் தொடர்பு ஏற்பாடும் வேண்டும் என்றது.

இதைத் திரும்பவும் சொல்கிறேன்: படுக்கை தேடி அலைவது நோயாளியின் வேலை அன்று. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவதானால், அனுப்புகிறவரே அங்கே தொலைபேசியில் பேசி, தர வேண்டிய முதலுதவியைத் தந்து, அனுப்பும் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அப்படியொரு தாள் கையில் இருந்திருந்தால், யாரிடம் கேட்பது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். சீர்திருத்தம் அந்தத் தாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நிதியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அரசின் மருத்துவச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது; அது நிறைவேறவில்லை. ராஜஸ்தான் 2023-இல் மருத்துவ உரிமைக்கென்றே சட்டம் இயற்றியது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வருகிற கிராம சபைக் கூட்டத்தில், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இன்று எத்தனை குப்பி இருக்கிறது என்று கேளுங்கள். வணக்கம்.