ஈகிள் ஸ்கவுட்டுக்கு ரேங்க் கார்டு கிடையாது

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு, "எங்க பையன் ஈகிள் பண்ணிக்கிட்டிருக்கான்" என்பது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு ஒன்றும் புரியாது. பெற்றோருக்கே பாதிதான் புரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். ஈகிள் என்பது இங்குள்ள சாரணர் இயக்கத்தில் ஒரு பிள்ளை ஏறக்கூடிய மிக உயர்ந்த படி. ஒரு ட்ரூப்பில், அதாவது சாரணர் அணியில், மெரிட் பேட்ஜ் (ஒரு துறையைக் கற்றுத் தேர்ந்ததற்குக் கிடைக்கும் சின்னம்) ஆலோசகராக இருப்பவன் என்ற முறையில், இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910-இல் தொடங்கியது. பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பழைய பெயர் 2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று மாறிவிட்டது. 2019 முதல் பெண் பிள்ளைகளும் இதே படிகளில் ஏறுகிறார்கள். படிகள் மொத்தம் ஏழு: ஸ்கவுட், டெண்டர்ஃபுட், செகண்ட் கிளாஸ், ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸ்டார், லைஃப், கடைசியில் ஈகிள். 1912-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டைச் சேர்ந்த ஆர்தர் எல்ட்ரெட் என்ற பதினேழு வயதுப் பையன் முதல் ஈகிள் ஆனான். அன்றைக்கும் 21 பேட்ஜ், இன்றைக்கும் 21 பேட்ஜ்.

நம் ஆட்கள் முதலில் கேட்பது, "இதில் யார் ஃபர்ஸ்ட்?" என்பதுதான். யாரும் இல்லை. ஒரு ட்ரூப்பில் இத்தனை பேருக்குத்தான் ஈகிள் என்ற கணக்கே கிடையாது. தகுதியை முடித்தவர் எல்லோருக்கும் உண்டு. டெண்டர்ஃபுட் படியில் ஓர் உடற்பயிற்சிச் சோதனை இருக்கிறது. தண்டால், வயிற்றுப் பயிற்சி, ஒரு மைல் ஓட்டம் அல்லது நடை இதெல்லாம் முதலில் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு செய்து எழுதிவைக்க வேண்டும். முப்பது நாள் பழகிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். முன்னைவிடக் கொஞ்சமாவது கூடியிருந்தால் தேர்ச்சி. நாலு தண்டால் எடுத்தவன் ஆறு எடுத்தால் போதும். பக்கத்துப் பையன் நாற்பது எடுத்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு இந்தத் திட்டத்திலேயே ரொம்பப் பிடித்த விதி இதுதான்.

அதற்காக எல்லாம் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு வந்தால் தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து 100 கெஜம் நீந்த வேண்டும். இங்கே தளர்வு கிடையாது. கேட்டிருப்பதைவிடக் கூடுதலாகக் கேட்க ட்ரூப்பை நடத்தும் ஸ்கவுட் மாஸ்டருக்கும் அதிகாரம் இல்லை, குறைத்துக்கொள்ளவும் அதிகாரம் இல்லை. 'செய்து காட்டு' என்று எழுதியிருந்தால் வாயால் சொன்னால் போதாது. 'விளக்கு' என்று எழுதியிருந்தால் செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. சில ட்ரூப்களில் பெரியவர்கள் ஆர்வக்கோளாறில் தங்கள் பங்குக்கு இரண்டு நிபந்தனை சேர்ப்பார்கள். அது தவறு, பிள்ளைகள் தைரியமாகக் கேட்கலாம்.

சரி, பேட்ஜ்களுக்கு வருவோம். 130-க்கும் மேல் இருக்கின்றன. ஈகிளுக்கு வேண்டிய 21-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கட்டாயம், மற்றவை விருப்பம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆலோசகர் இருப்பார். அவரைத் தொடர்புகொள்ள வேண்டியது பிள்ளை. அம்மா அப்பாவுக்கு நகல் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் எழுதுவது பிள்ளையாக இருக்க வேண்டும். எனக்கு வரும் மின்னஞ்சல்களில் அம்மா எழுதியது எது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதினோரு வயதுப் பையன் 'தங்கள் மேலான நேரத்துக்கு நன்றி' என்று எழுதுவானா?

கட்டாய பேட்ஜ்களில் சிலவற்றை ராத்திரியோடு ராத்திரியாகப் படித்து முடிக்க முடியாது. பர்சனல் மேனேஜ்மென்ட் பேட்ஜுக்கு 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும். ஃபேமிலி லைஃப் பேட்ஜுக்கு 90 நாள் வீட்டு வேலை செய்து குறித்துவர வேண்டும். பர்சனல் ஃபிட்னஸுக்கு 12 வாரப் பயிற்சி. கேம்பிங்குக்கு மொத்தம் 20 இரவு முகாம். பணம் கட்டி, ட்யூஷன் வைத்து இதையெல்லாம் சுருக்க வழியில்லை. இதோடு ஃபர்ஸ்ட் கிளாஸிலிருந்து ஸ்டாருக்கு 4 மாதம், ஸ்டாரிலிருந்து லைஃபுக்கு 6 மாதம், லைஃபிலிருந்து ஈகிளுக்கு 6 மாதம் என்று குறைந்தபட்ச இடைவெளி வேறு. அந்த மாதங்களில் ட்ரூப்பில் ஏதாவது ஒரு பொறுப்பையும் வகிக்க வேண்டும். எல்லாம் பதினெட்டாவது பிறந்தநாளுக்குள் முடிந்தாக வேண்டும்.

அப்புறம் சேவைத் திட்டம். பள்ளிக்கோ, ஊருக்கோ, வழிபாட்டு இடத்துக்கோ பயன்படும் ஒரு வேலையைப் பிள்ளை திட்டமிட்டு, ஆட்களைத் திரட்டி நடத்த வேண்டும். ஸ்கவுட் அமைப்புக்கே செய்துகொள்ளக் கூடாது, வியாபாரத்துக்கும் கூடாது. கோயில் வாசலில் செருப்பு அலமாரி செய்ய முடிவெடுத்த ஒரு பையனின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் கோயில் நிர்வாகி, ஸ்கவுட் மாஸ்டர், ட்ரூப் கமிட்டி, மாவட்டக் குழு என்று நாலு இடத்தில் கையெழுத்து வாங்கினான். அதற்கு முன் ஒரு பலகைகூட வாங்கக் கூடாது. மின்ரம்பத்தைப் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இயக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அதனால் அறுத்தது அவன் மாமா. பையன் கையில் அளவு எழுதிய தாளோடு நின்றான். மாமாவுக்குத் தச்சு வேலை தெரியும், "குறுக்கே இன்னொரு பலகை வைடா, நல்லா நிக்கும்" என்றார். பையன் தாளைப் பார்த்தான், கொஞ்சம் யோசித்தான், "வேண்டாம் மாமா, ஷூ வைக்க உயரம் பத்தாது" என்றான். மாமா முகம் கொஞ்சம் வாடிப் போனது. ஆனால் இந்தத் திட்டம் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அந்த ஒரு பதிலைத்தான். அலமாரி எவ்வளவு அழகு, எத்தனை மணி நேரம் ஆனது என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. இத்தனை மணி நேரம் என்ற குறைந்தபட்ச வரம்பும் இல்லை. மற்றவர்களை வழிநடத்தினானா என்பதுதான் கேள்வி.

கடைசியில் குழுவின் நேர்காணல். மூன்றிலிருந்து ஆறு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்கவுட் மாஸ்டர் அந்தக் குழுவில் இருக்க முடியாது, பெற்றோரும் முடியாது. நம் வீடுகளில் இதற்கு முந்தைய நாள் ராத்திரி சாரணர் கயிற்று முடிச்சுகளையெல்லாம் திரும்பப் போடச் சொல்லிப் பிள்ளையை வாட்டுவார்கள். தேவையே இல்லை. தேர்ச்சி பெற்றதை மறுபடி சோதிக்கக் கூடாது என்பது விதி. எது கஷ்டமாக இருந்தது, யாரோடு ஒத்துப்போகவில்லை, என்ன செய்தாய் என்ற மாதிரிதான் பேச்சு போகும். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு உண்டு.

கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். விண்ணப்பத்தில் நன்றாகத்தான் இருக்கும். இராணுவத்தில் சேர்ந்தால் ஒரு படி மேலே தொடங்கவும் வாய்ப்புண்டு. ஆனால் கல்லூரிக்காக மட்டும் என்றால் ஆறேழு வருடம் இதில் போடுவது நல்ல கணக்கு இல்லை என்பது என் எண்ணம். கூடாரத்தில் மழையில் நனைவது பிடிக்காத பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பிடித்திருக்கிறது, லைஃப் வரை வந்துவிட்டான், வயது பதினேழு ஆகப்போகிறது என்றால் நாள்காட்டியை எடுங்கள். பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். நேர்காணல் பிறந்தநாளுக்குப் பிறகு நடக்கலாம். மற்ற எதுவும் முடியாது. பிள்ளையின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தால் ஒழிய அவகாசம் நீட்டித் தரமாட்டார்கள். பள்ளிப் பரீட்சை அந்தக் காரணங்களில் சேராது. அந்த 13 வார வரவு செலவுக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை என்றால், இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கணக்கை அவனே எழுதட்டும்.

வணக்கம்.